பூசையில் வைத்த கோல்ஃப் மட்டைகள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிப் போடுவதும் அவள்தான். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். "அத்தை, நேரா கோல்ஃப் மட்டைக்கு வாங்க. வழியில கோழிக்கொழம்புக்குத் திரும்பீராதீங்க" என்கிறாள் இப்போதே. அவள் சொல்வதும் நியாயம்தான். என் வாய் ஒரு சந்தில் நுழைந்தால் அடுத்த ஊரில் போய்த்தான் வெளியே வரும்.

பெருமாநல்லூர்ப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. மகன் நடத்துகிறான். டாலர் விழுந்து ஊரெல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த காலம் அது. எங்களிடம் சட்டை வாங்க இருந்தது ஒரே ஒரு வெளிநாட்டு பையர். வெள்ளைக்காரர், ஆறடிக்கு மேல், பேச்சு கம்மி. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், சட்டை பார்ப்பார், கோயமுத்தூருக்குப் போய் கோல்ஃப் ஆடுவார், ஊருக்குப் போவார். அந்த மட்டைகளை ஒவ்வொரு தடவையும் விமானத்தில் தூக்கிக்கொண்டு அலைய முடியாதென்று ஒரு நீளப் பையில் போட்டு எங்கள் வீட்டிலேயே விட்டுப் போவார்.

அந்தப் பை சும்மா பை இல்லை. முன்பு அது பல்லடத்துப் பக்கம் வேறொருவர் வீட்டில் இருந்தது. ஒரு நாள் காலையில் பையர் அங்கே போயிருக்கிறார். காப்பி குடித்திருக்கிறார். நன்றாகச் சிரித்துப் பேசியிருக்கிறார். போகும்போது பையைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்தக் கம்பெனிக்கு ஒரு ஆர்டரும் போகவில்லை. அந்த ஷெட்டில் இப்போது கோழித் தீவன மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பை எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஆர்டர் என்று ஊருக்கே தெரியும். மகன் வாரம் ஒருமுறை அதைத் துடைப்பான். என்னைக்கூட அவன் அப்படிக் கவனித்ததில்லை.

அந்தக் கோடையில்தான் வந்தது வினை. மாடியில் தகரக் கூரை அறையில் வைத்திருந்ததில் மட்டைகளின் கைப்பிடி ரப்பரெல்லாம் வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி இளகிப்போனது. சைக்கிள் ஹேண்டில்பாருக்குக் கிரிப் போடுவார்களே, அந்த மாதிரிதான் இதுவும். தொட்டால் கை கறுப்பாகும். மகன் ஒளிக்காமல் பையருக்குச் சொல்லிவிட்டான். அடுத்த சாம்பிள் பார்சலோடு புது கிரிப்புகள் வந்தன. கறுப்பு ரப்பர், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கோடு. பழசை அறுத்துப் போட்டுவிட்டு இதை மாட்ட வேண்டும், எல்லாக் கோடும் ஒரே பக்கம் நேராகப் பார்க்க வேண்டும், நான் வரும்போது தயாராக இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். கூடுதலாக ஒரு கிரிப்கூட அனுப்பவில்லை.

திருப்பூரில் இதற்கு யார் இருக்கிறார்கள்? கோயமுத்தூரில் கிரிக்கெட் பேட்டுக்குக் கைப்பிடி சுற்றுகிற ஒரு கடையில் கொடுத்தான். திரும்ப வாங்கப் போன அன்று நானும் காரில் ஏறிக்கொண்டேன். எனக்குக் கண் ஆபரேஷன் ஆன புதுசு, அதைக் காட்ட வேண்டியிருந்தது. அடடா, அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் பார்த்த உலகம் இருக்கிறதே! துவைத்து வெயிலில் போட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. மைல்கல்லில் உட்கார்ந்திருந்த காக்காய்க்குக்கூட மூக்கு தெரிந்தது. ("அத்தை, மட்டை" என்கிறாள்.)

கடைக்காரர் மட்டைகளை மேசைமேல் பரப்பினார். எங்கள் கம்பெனியில் நான் செக்கிங் டேபிளில்தான் உட்காருவேன். தைத்து வந்த சட்டையைப் புரட்டிக் குற்றம் பார்க்கிற வேலை. கோணல் இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஆல்ட்ரேஷனுக்கு அனுப்புவோம், பிரித்துத் தைத்து வந்துவிடும். தேறாது என்றால் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டோம். நேராக ரிஜெக்ட் கூடையில் வீச்சு.

"ஏனுங்க, இந்தக் கோடு ஒண்ணு கெழக்க பாக்குது, ஒண்ணு மேக்க பாக்குதுங்களே?" என்றேன்.

"அது டிசைனுங்க பாட்டிம்மா."

"டிசைனுங்களா? எங்க கம்பெனியில டிசைன்னா எல்லாப் பீசுலயும் ஒரே எடத்துலதானுங்க வரும்."

ஒரு மட்டையை எடுத்துக் கைப்பிடியை முறுக்கினேன். ரப்பர் தனியாகச் சுற்றியது. "இதென்னங்க, கொழாயாட்டத் திருகுது? தண்ணி வருமுங்களா?"

மகன் என் கையிலிருந்து மட்டையை வாங்கினான். ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கினான். பாதிக்கு மேல் சுற்றின. சிலது நடுவில் முண்டு முண்டாக இருந்தது. "ரப்பருக்கு அடியில இருந்த பழைய டேப்பை எடுக்கவே இல்லீங்களா?" என்றான்.

"அதும்மேலயே போட்டா இன்னும் சிக்குனு இருக்குமுங்க. நாலு நாள் கை பட்டாச் சூட்டுல செட்டாயிரும். பாட்டிம்மா கோல்ஃப் ஆடுவாங்களோ?"

"நான் ஆடமாட்டனுங்க. ஆடறவரு கையில இது சுத்துச்சுன்னா எங்க பொழப்பு சுத்தீருமுங்க. எடுத்துச் சரியாப் போட்டுக் குடுங்க" என்றேன்.

கடைக்காரர் எழுந்து ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார். "நாளைக்கு ஆயுதபூசைங்க. கத்தி கத்தரியெல்லாம் கழுவி வெச்சாச்சு. பூசை முடிஞ்சு வாங்க."

"நாளன்னிக்குக் காலையில அவரு ஆடறாருங்க!" என்று மகன் கத்தினான்.

"அப்ப ஆடீட்டு வரச்சொல்லுங்க."

அதற்குமேல் அங்கே நின்றிருந்தால் மகன் அந்த மட்டையாலேயே அவரை அடித்திருப்பான். நான் மட்டைகளைப் பையில் அள்ளிப் போட்டு, அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். முன்னால் வண்டியே இல்லாத ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். அவிநாசி தாண்டித்தான் வாயைத் திறந்தான்.

"அம்மா, நாளைக்கு நானே கம்பெனியில வெச்சு எடுத்துப் போட்டர்றனுங்க. கம்ப்ரசர் காத்தை கிரிப்புக்குள்ள ஊதுனா உப்பி வெளிய வந்துருமாம். பையரே ஒருக்கா சொன்னாருங்க."

தையல் மெஷினில் படிகிற பஞ்சுத் தூசியை ஊதுவதற்கு எங்களிடம் காற்று மெஷின் உண்டு. அதைத்தான் சொன்னான். சரி கண்ணு என்றேன். நாளைக்கு என்பதை அவன் பூசையன்றே என்ற நினைப்பில் சொன்னான், நான் பூசையெல்லாம் முடிந்த பிறகு என்ற நினைப்பில் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே போன். பையர் வேறு விமானத்தில் சீக்கிரமே வந்திறங்கிவிட்டார். மகன் அவரைக் கூட்டிப்போய் ஓட்டலில் விட ஓடினான். இங்கே நல்ல நேரம் போகிறதே என்று நானும் மருமகளும் பூசையை ஆரம்பித்துவிட்டோம். கழுவித் துடைத்த மெஷின் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். கத்தரி, ஊசி டப்பா, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு. காற்று மெஷினுக்கு ரெட்டை மாலை, வருஷமெல்லாம் கத்துகிற ஜீவன் அல்லவா. கோல்ஃப் மட்டைகளையும் பையிலிருந்து எடுத்துச் சுவரோரம் சாய்த்து ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். எங்களுக்குச் சோறு போடுகிற சாமான்தானே அதுவும்? தேங்காய் உடைத்து, பூசணிக்காய் சுற்றி, தையல்காரர்களுக்கெல்லாம் பொரி கடலை கொடுத்து முடித்தோம்.

மத்தியானம் மகன் தனியாக ஓடிவந்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றான்.

"அம்மா! மட்டையை எதுக்குங்கம்மா பூசையில வெச்சீங்க?"

"அதும் ஆயுதந்தான கண்ணு."

"இப்ப எடுக்கோணுமுங்க. கம்ப்ரசரையும் ஓட்டோணுமுங்க."

பொரி தின்றுகொண்டிருந்தவர்களெல்லாம் தலையைத் தூக்கினார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தையல்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். "எண்ணே, பூசைல வச்சத இன்னைக்கு எடுத்தா வெளங்குமாண்ணே?" என்றாள்.

எங்களுக்கு அது வழக்கமே இல்லை. பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை போட்ட பிறகுதான் தொட்டு வேலை செய்வோம். அன்றைக்குத் தக்காளிகூட நறுக்க மாட்டோம், கையால் பிய்த்துத்தான் ரசம். நான் காற்று மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"நாளைக்குக் காலம்பற எடுத்துக்கலாங் கண்ணு."

"காலையில அவரு ஆடப் போறாருங்கம்மா. பை போச்சுன்னா ஆர்டர் போச்சு. ஆர்டர் போச்சுன்னா அடுத்த வருசம் பூசைக்கு வெக்க இங்க மெசினே இருக்காதுங்க. அப்ப யாருக்குப் பொட்டு வெப்பீங்க?"

அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் அங்கே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்த மெஷினில்தான் நாளைக்குக் கால் வைக்க வேண்டும். அவர்கள் மனசில் ஒரு முள் விழுந்துவிட்டால் எத்தனை ஆர்டர் வந்தாலும் எடுக்க முடியாது. ஒதுங்குவதா நிற்பதா என்று எனக்கே தெரியாமல் நின்றேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார்.

பையரேதான். பூசை பார்க்க ஆசைப்பட்டு ஓட்டல் காரில் வந்துவிட்டார். மாலையைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், சிரித்தார். மட்டைகளைப் பார்த்ததும் குழந்தை மாதிரி இன்னும் பெரிதாகச் சிரித்தார். மகன் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். இன்றைக்கு எடுக்கக் கூடாதென்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று அந்தப் பார்வையில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

அப்போதுதான் வந்த பேக்கிங் ஆட்கள் சிலர் வழக்கப்படி மெஷின்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். அவர் அதைக் கவனித்துப் பார்த்தார். ஷூவைக் கழற்றினார். நேராகத் தன் மட்டைகளிடம் போனார். குனிந்து, ஒன்றின் கைப்பிடியை அழகாகப் பிடித்து, கண்ணில் ஒற்றப் போனார். ரப்பர் அவர் கைக்குள்ளேயே சுற்றியது.

சிரிப்பு நின்றது. மறுபடி ஒருமுறை திருகினார். அடுத்த மட்டையைத் தொட்டார். அதற்கடுத்ததை. வெள்ளைக் கோடுகளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன கண்ணு கேக்கறாரு?"

மகன் என் பக்கம் திரும்பிச் சொன்னான். "இதை யாரு செக் பண்ணுனாங்கன்னு கேக்கறாருங்கம்மா."

"நாந்தான் பாத்தேன்னு சொல்லு. நேத்தே கோணல்னு தெரியும், சரிபண்ண ஆள் கெடைக்கலீன்னும் சொல்லு. மறுபூசை முடியாமத் தொடமாட்டோம்னு நாந்தான் குறுக்க நின்னேன்னும் சேத்தியே சொல்லீரு."

அவன் இங்கிலீசில் சொன்னான். முழுசும் சொன்னான் என்று மருமகள் அப்புறம் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். எந்த முகமும் காட்டவில்லை. மறுபூசை எப்போது என்று கேட்டார். விடிந்ததும் என்றோம். பொரியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சொன்ன மாதிரி விடியலிலேயே வந்து நின்றார். கற்பூரம் காட்டியதும் காற்று மெஷினைப் போட்டோம். அந்த வருஷத்தின் முதல் வேலை சட்டைக்கு இல்லை, கோல்ஃப் மட்டைக்கு! அவர் பிடிக்க, மகன் ஊத, கிரிப் தவளை மாதிரி உப்பிக்கொண்டு நழுவியது. ஒன்று பறந்து போய்ப் பொரிக் குண்டாவுக்குள் விழுந்தது. நான் மட்டும்தான் சிரித்தேன். மற்ற யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பழைய டேப்பையெல்லாம் சுரண்டி, கட்டிங் டேபிள் டேப்பைச் சுற்றி, திரும்ப மாட்டினார்கள். இரண்டு மட்டும் கடைக்காரர் போட்ட பசையில் இறுகிக் கோணலாகவே நின்றுவிட்டன. அறுத்தால் போட வேறு ரப்பர் இல்லை.

அவர் மட்டைகளைப் பையில் அடுக்கினார். போகிற போக்கில் என் செக்கிங் டேபிளிலிருந்து எதையோ கிழித்துச் சட்டைப் பையில் வைத்தார். பேப்பர் துண்டு என்று நினைத்தேன். எப்போதும் மகனையும் ஆடக் கூட்டிப் போவார். அன்றைக்குத் தனியாகப் போகிறேன் என்றார். பை காரின் பின்பக்கம் ஏறியது. சாயங்காலம் அவருக்கு ஊருக்கு விமானம். மைதானமும் ஏர்போர்ட்டும் அதே கோயமுத்தூர்ப் பக்கம்தான். ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்றைய பகல் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மகன் சாப்பாட்டைப் பிசைந்தான், தின்னவில்லை. மெஷின்கள் ஓடின, ஆனால் தையல்காரர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் டவுன்பஸ் நின்று கிளம்பினால்கூட எல்லாத் தலையும் திரும்பியது. நான் ஒரே சட்டையை எத்தனை தடவை புரட்டினேனோ, முருகனுக்குத்தான் தெரியும்.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் கார் வந்தது. பின் சீட்டில் யாருமில்லை. டிரைவர் மட்டும் இறங்கினார். சோம்பல் முறித்தார். "சித்தத் தண்ணி குடுங்கக்கா" என்று மருமகளிடம் கேட்டு, அண்ணாந்து முழுசும் குடித்து முடித்தார். படுபாவி! அதற்கப்புறம்தான் "அட, மறந்தே போச்சுங்க" என்று டிக்கியைத் திறந்தார்.

பை இருந்தது.

மகன் கிட்டே போகாமல் நின்றான். "ரிஜெக்ட் பண்ணி இங்கயே போட்டுட்டுப் போயிட்டாரோ என்னமோ" என்றான். நான்தான் ஜிப்பை இழுத்தேன். மட்டைகள் துடைத்துச் சுத்தமாக இருந்தன, பொட்டை மட்டும் அழிக்கவில்லை. அந்தக் கோணல் மட்டை இரண்டை உருவி வெளிச்சத்தில் காட்டினேன். புதுக் கண் அல்லவா, எனக்குத்தான் முதலில் தெரிந்தது. இரண்டின் கைப்பிடியிலும், கோடு விலகின இடத்தைச் சரியாகக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு சிவப்பு அம்பு.

"ஆல்ட்ரேசன் கண்ணு! ஆல்ட்ரேசன்தான்!" என்று கத்தினேன். மகன் அப்படியே கார் பம்பர்மேல் உட்கார்ந்துவிட்டான். உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. திருநெல்வேலித் தையல்காரம்மா எட்டிப் பார்த்து, "என்னாச்சும்மா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல சாமி. பையைத் தூக்கி ஊட்டுக்குள்ள வெக்கோணும். ஒரு கை புடி" என்றேன்.