விளக்கு எரிந்த பிறகுதான் விலை

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் ‘வந்துட்டேன்’ என்று பெயர். கரண்டு போன வீட்டிலிருந்து யார் போன் செய்தாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். தலையில் சோப்பு நுரையோடு நிற்பார், வாயில் கவளத்தோடு இருப்பார், “வந்துட்டேன்” என்பார். பயந்துபோனவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பாதி உயிர் வந்துவிடுமாம். இங்கே தட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறவள் உயிரைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

எலக்ட்ரீஷியன் வேலை. கைச்சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். சுவரில் துளை போட்டால் தரையில் விழுந்த தூளைத் தானே பெருக்கிவிட்டுத்தான் கிளம்புவார். காசு விஷயத்தில் மட்டும் பச்சைக் குழந்தை.

வந்துட்டேன் என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பவும் மாட்டார். போனிலேயே விசாரணை தொடங்கிவிடும். “எரிஞ்ச வாடை வருதா? பக்கத்து வீட்ல லைட் எரியுதா? கடைசியா எந்த சுவிட்சைப் போட்டீங்க?” வாடை வருகிறது என்றால், மெயினை அணைத்துவிட்டு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுப்பார். வாடை இல்லையென்றால் உட்கார்ந்த இடத்திலேயே வைத்தியம். அயர்ன் பாக்ஸைப் பிடுங்குங்க, ஹீட்டரை அணைங்க, இப்போ கீழ விழுந்திருக்கிற பிரேக்கர் சுவிட்சை மேல தூக்குங்க. பாதி வீடுகளில் விளக்கு எரிந்துவிடும். அதற்குக் காசு கிடையாது.

“பேசினதுக்கெல்லாம் யாராவது காசு வாங்குவாங்களா?” என்பார்.

“ஏன், வக்கீல் வாங்கலையா?” என்பேன் நான்.

நேரில் போனாலும் இதே கதைதான். மற்றவர்கள் அவசரம் என்றதும் இரண்டு மடங்கு என்று போனிலேயே சொல்லிவிடுவார்கள், விடுமுறை நாள் என்றால் அதற்கும் மேலே. இவர் வாசலில் விலை பேச மாட்டார். விளக்கு எரிந்த பிறகுதான் சொல்வார். “பயந்து நிக்கிறவங்ககிட்ட விலை சொல்லக் கூடாது. என்ன சொன்னாலும் சரிம்பாங்க. அது சம்மதம் இல்ல, பயம்,” என்று எனக்குப் பாடம் வேறு நடத்துவார். ஆற்றைக் கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி, கடந்துவிட்டால் நீ யாரோ நான் யாரோ. வெளிச்சம் வந்ததும், “ஒரு ஸ்குரு முறுக்கினதுக்கா இவ்வளவு?” என்று கேட்பார்கள். இவர் சிரித்துக்கொண்டே குறைத்துக்கொள்வார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அந்த மனிதருக்குக் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்று நினைத்தோம். சுடுதண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். ஒரு மாதம் போயும் சரியாகவில்லை. மகள்தான் வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். குரல் நாணில் கட்டி, அறுத்து எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கட்டணம் சொல்லும் மேசையில் இருந்த பெண் ஏதோ ஒரு தொகையைச் சொன்னாள். “எவ்வளவா இருந்தாலும் சரிம்மா, மொதல்ல தேதியைக் குடு,” என்றேன். கீரைக்கட்டுக்குக்கூட அரை மணி நேரம் பேரம் பேசுகிறவள் நான்.

அறுத்து எடுத்துச் சோதித்துப் பார்த்ததில், கெட்ட கட்டி இல்லை. அப்படி வயிற்றில் பால் வார்த்த டாக்டரே அடுத்ததையும் சொன்னார். “கொஞ்ச நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரகசியம் பேசுற மாதிரிகூடக் கூடாது. குரல் திரும்பி வரும்னுதான் நினைக்கிறோம். உறுதியா இப்போ சொல்ல முடியாது.”

கைதான் இருக்கிறதே, பிறகென்ன, என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? போன் அடிக்கும்போதெல்லாம் அவர் வாய் தானாகத் திறக்கும். பிறகு நினைவு வந்து மூடிக்கொள்ளும். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் வாயை மூடுங்களேன் என்று வாழ்நாளெல்லாம் கத்தியவள், வீடு அடங்கிக் கிடந்ததும் சமையலறையில் நின்று அழுதேன்.

அழுதால் அடுப்பு எரியுமா? அவர் கை வேலை செய்யட்டும், வாய் வேலையை நான் பார்க்கிறேன் என்று ஸ்கூட்டரில் அவர் பின்னால் ஏறிக்கொண்டேன். ஆம் என்றால் டெஸ்டரால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று பேசி வைத்துக்கொண்டோம். என் ஆட்சி வந்ததும் முதல் சட்டம், அவசரம் என்றால் இரண்டு மடங்கு, அதுவும் வாசலிலேயே. அவர் ஸ்கூட்டர் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார். எனக்குக் காது கேட்கவில்லை.

முதல் வீட்டில் சமையலறை சுவிட்ச் போர்டிலிருந்து புகை வருகிறதாம். சின்ன வயதுப் பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு வெளியே நின்றாள். துணைக்கு ஆள் இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு மடங்குத் தொகையைச் சொன்னேன்.

“எவ்வளவா இருந்தாலும் சரிக்கா, மொதல்ல உள்ள வாங்க,” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த வார்த்தையை இதே அவசரத்தில் நான் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அந்த மேசைப் பெண் பத்து மடங்கு சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். அவள் சொன்ன தொகை என் காதில் விழவே இல்லையே. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பையிலிருந்து டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிளக் பாயின்ட்டில் வயர் தளர்ந்து, சூடேறி, உருகியிருந்தது. கருகிய துண்டை வெட்டிவிட்டுப் புதுப் பாயின்ட் போட்டார். விளக்கு எரிந்தது, ஃபிரிட்ஜ் உறுமியது, குழந்தை சிரித்தது. நான் வழக்கமான கூலியைச் சொன்னேன்.

“வாசல்ல ரெண்டு மடங்கு சொன்னீங்களேக்கா?”

“அது வாசல்ல சொன்னது. இப்போ சொல்றதுதான் விலை.”

அவள் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதுவே எனக்கு உலக அதிசயம். படி இறங்கும்போது அவர் என் தோளில் டெஸ்டரால் ஒரு தட்டு தட்டினார். போதும், ரொம்பத்தான், என்றேன்.

இனிப் பேசிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளும் வந்தது. மகள் லீவு போட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். முதல் வார்த்தை என்னைக் கூப்பிடுவதாகத்தான் இருக்கும் என்று நான் புடவையெல்லாம் மாற்றிக்கொண்டு நின்றேன், வெட்கக்கேடு. அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் காற்றுதான். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பழைய வயர்களைச் சுருட்டத் தொடங்கினார். “அவசரம் இல்லப்பா,” என்றாள் மகள். மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பாத்திரம் தேய்க்கும்போது போன் அடித்தது. ஈரக்கையோடு ஸ்பீக்கரைப் போட்டேன்.

“அக்கா, டப்புன்னு சத்தம் வந்துது, வீடு மொத்தமும் கரண்டு போயிடுச்சு. எனக்குப் பயமா இருக்கு. அவரை அனுப்புறீங்களா?” அதே கைக்குழந்தைக்காரிதான்.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து, துருப்பிடித்த கதவைத் திறப்பது போல ஒரு சத்தம் வந்தது.

“எரிஞ்ச வாடை வருதா?”

என் கையிலிருந்த தட்டு தொட்டியில் விழுந்தது. மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லண்ணா, வாடை இல்ல.”

“பக்கத்து வீட்ல?”

“எரியுது.”

“கடைசியா... என்ன போட்டீங்க?”

“தண்ணி சூடு பண்ற கெட்டில்.”

“அதைப் பிடுங்குங்க. இனி அதைத் தொட வேணாம். இப்போ பிரேக்கரை மேல தூக்குங்க.”

கரகரப்பு, இடையிடையே காற்று, ஆனாலும் அவர் குரல்தான். அந்தப் பக்கம் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு ஃபிரிட்ஜ் உறுமும் ஓசை. அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது.

“வந்துடுச்சுக்கா,” என்றாள் அவள். “எவ்வளவு தரணும்?”

போனைக் கையில் எடுத்தேன்.

“ஒண்ணும் வேணாம்மா. நாங்கதான் உனக்குத் தரணும்,” என்றேன்.