அண்ணனுக்காகச் செய்த மூன்று தலைகள்

பாகூர் ஏரிக்கரைச் சாலையில் ஸ்கூட்டி சறுக்கி என் வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு விரல்கள் மடங்கவில்லை. தினமும் சப்பாத்தி மாவு பிசையச் சொன்னார் பயிற்சி கொடுத்த பெண். எங்கள் வீட்டில் அத்தனை சப்பாத்தி சாப்பிட ஆள் இல்லை. நானும் என் கணவரும்தான். அதனால் பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, மிக்சியில் அரைத்து, ஊறிய வெந்தயத்தையும் அரைத்துக் கலந்து, அந்தக் கூழைப் பிசைந்தேன். எங்கள் பக்கம் கூடை செய்கிற முறைதான் அது. எனக்குக் கூடை வேண்டியிருக்கவில்லை. பிசைந்ததை ஒரு பழைய டென்னிஸ் பந்தின் மேல் அப்பினேன். மூக்கு வைத்தேன். அது ஒரு தலை ஆகிவிட்டது.

போனில் வீடியோ பார்த்து மிச்சத்தைக் கற்றுக்கொண்டேன். காய்ந்த தலையை அறுத்துப் பந்தை எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். கழுத்துக்கு அட்டைக் குழாய். கழுத்துக்குக் கீழே ஜாக்கெட் துணியில் ஒரு பை. ஆள்காட்டி விரலைக் கழுத்துக்குள் விட்டால் தலை ஆடும். கட்டைவிரலும் நடுவிரலும் கைகளாகிவிடும். வில்லியனூர் பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குத் திரும்பிப் போன பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் இதை விடவில்லை.

நான்காவதாகச் செய்த பொம்மைக்கு மோவாய் முன்னால் வந்துவிட்டது. உதடுகளை அழுத்தி மூடியிருந்தது. புருவம் இரண்டும் நடுவில் முட்டின. தெரியாமல் வந்துவிட்டது என்றுதான் என் கணவரிடம் சொன்னேன். பாதி பொய். புருவம் வரையும்போதே அது யார் என்று எனக்குத் தெரியும். மடுகரையில் இருக்கும் என் நாத்தனார், கணவருடைய அக்கா.

அவருடைய கணவர் இறந்து நான்கு வருடம். நெல்லும் கரும்புமாக உள்ள நிலத்தைத் தனியாகவே பார்த்துக்கொள்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் ஏதாவது குற்றம் சொல்லாமல் போக மாட்டார்.

ஒரு ஞாயிறு மதியம் என் கணவர் அந்தப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு அக்காவைப் போலப் பேசிக் காட்டினார்.

"இன்னாடி, கொழம்புக்குப் புளி கரைச்சி ஊத்துனியா, ஏரித் தண்ணிய ஊத்துனியா?"

நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். வாசலில் முருங்கைக்காய்ப் பையோடு நாத்தனார் நின்றிருந்தார்.

என் கணவர் கையை மெதுவாகக் கீழே இறக்கினார். நாத்தனார் பையை வைத்துவிட்டு வந்து, தம்பியின் கையிலிருந்து பொம்மையை உருவி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டார்.

மூன்று வாரம் போன் இல்லை. தம்பி கூப்பிட்டால் வயலில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுவார். எனக்கு மனம் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக மடுகரைக்குப் போனேன். மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தப்புதான் அண்ணி. நான் வேணும்னு..."

"அத வுடு. உங்க அண்ணன செஞ்சித் தர முடியுமா?"

அவருடைய கணவரைத்தான் நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். வீட்டில் அவர் படம் இருந்தது. சிறிய படம் ஒன்றை ஸ்டுடியோவில் பெரிதாக்கி, கோட்டு போட்டு, நிறத்தையும் வெளுக்க வைத்திருந்தார்கள். யாரோ ஆபீசர் மாதிரி இருக்கிறது, அதைப் பார்த்துச் செய்யாதே என்றார். வாயால் சொல்கிறேன், கேட்டுச் செய் என்றார்.

முதல் தலைக்குக் கன்னம் இரண்டும் சமமாக இருந்தன. இடது பக்கம் வெற்றிலை அடக்கியே அந்தக் கன்னம் தொங்கிப்போயிருந்தது என்றார். இரண்டாவதில் கண்கள் தவறு. பீடிப் புகைக்கு ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பாராம். நாத்தனார் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் கூழை அப்புவதைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். தன்னைக் கேட்காமல் அண்ணன் மாட்டை விற்றதற்காகத் தான் ஆறு மாதம் அவரோடு பேசாமல் இருந்ததைச் சொன்னார். பேசாமல் இருந்தபோதும் அவர் தினமும் தனக்கு வெந்நீர் போட்டு வைத்ததைச் சொன்னார்.

"அவரு போய்ச் சேந்த அன்னிக்குக் காலையில கூட திட்டிட்டுத்தான் களையெடுக்கப் போனேன்."

மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலத்தான் சொன்னார். கூழில் தண்ணீர் அதிகமா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மூன்றாவது தலைக்குக் கன்னம், கண் எல்லாம் அவர் சொன்னபடியே வைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மாநிறத்துக்கும் கொஞ்சம் கறுப்பாக வண்ணம் அடித்தேன். பொம்மைக்குச் சட்டை தைக்க அண்ணனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொண்டுவந்திருந்தார். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். அவரே வாங்கிச் சட்டையின் கையை வெட்டிக் கொடுத்தார்.

தைத்து முடித்து நீட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"இது அவரு இல்ல. அவரு தம்பி மாதிரி இருக்குது."

உடைத்துவிட்டு வேறு செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பொம்மைக்குள் கையை விட்டு, நான் காட்டியபடி ஆள்காட்டி விரலை மடக்கி நிமிர்த்தினார். தலை ஆமாம் என்பதுபோல் ஆடியது. இன்னொரு முறை ஆட்டினார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"இப்ப அவரேதான். நான் எது சொன்னாலும் இப்புடித்தான் தலைய ஆட்டுவாரு. அப்புறம் தன் இஷ்டத்துக்குத்தான் செய்வாரு."

சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். பஸ் ஏறும்போதும் பொம்மையைக் கையிலிருந்து கழற்றவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

இப்போது அது மடுகரை வீட்டில் டிவி ஸ்டாண்டில் ஒரு பாட்டிலில் மாட்டியபடி நிற்கிறது. அந்தத் தெருவில் அதைப் பார்த்த ஒரு அம்மா, வெளிநாட்டில் இருக்கும் தன் மகனைச் செய்து தரச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்னொருவர் வீட்டுக் கதை முழுவதையும் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. மனிதர்களைச் செய்வதையே கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்த வாரம் ஒரு எருமை செய்கிறேன். உடம்பு வந்துவிட்டது. கொம்பு மட்டும் காய்வதற்குள் சாய்ந்துவிடுகிறது. உள்ளே கம்பி வைத்துப் பார்க்க வேண்டும்.