கைரேகை விழவில்லை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று எனக்கு இடமும் புலமைப்பரிசிலும் தந்து, குறித்த திகதிக்குள் வந்து சேரச் சொல்லியிருந்தது. மிச்சம் விசா மட்டும்தான். அதற்குக் கைரேகை வைக்க முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்குப் போகவேண்டும். அந்த நாட்டுக்காரர் மெஷினை அங்கே மட்டும்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுத் தொழில் களப்பில் நண்டு பிடிப்பது. வலையிலிருந்து நண்டு கழற்றுவது அம்மாவும் நானும். புறப்படுவதற்கு முதல்நாள் அம்மா என் கையை மணந்து பார்த்தார்.

"இந்த வெடுக்கோடயோ போகப்போறாய்? வெள்ளைக்காரர் என்ன நினைப்பினம்? தேசிக்காயும் சாம்பலும் போட்டு நல்லா உரஞ்சு பிள்ளை."

நானும் தோல் எரியும்வரை தேங்காய்ப் பொச்சால் உரஞ்சினேன்.

கொழும்பில் வெள்ளைக்காரர் ஒருவரையும் காணவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் நாட்டுப் பெண்ணொருத்தி இருந்தாள். நாலு விரலையும் வைத்தேன். சிவப்பு லைட். துடைத்து வைத்தேன், அழுத்தி வைத்தேன், அவள் சொன்னபடியெல்லாம் வைத்தேன். மெஷின் மசியவில்லை. ரேகை தேய்ந்துபோயிருக்கிறது, கிறீம் பூசிக்கொண்டு இரண்டு கிழமை கழித்து வாருங்கள் என்றாள். பாஸ்போர்ட்டில் என் முகம் இருக்கிறது, நானே முன்னால் நிற்கிறேன், அது போதாதாம். திரும்பி வரும் பஸ் வவுனியாவுக்கு வந்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வீட்டில் அம்மா என்னை வலைப்பக்கம் விடவில்லை. சட்டி கழுவவும் விடவில்லை. "கலியாணப் பொம்பிளை மாதிரியெல்லே இருக்கிறாய்" என்று பக்கத்து வீட்டு அன்ரி பகிடி பண்ணினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் தரம் கைரேகை விழுந்தது. ஆனால் விசா கைக்கு வந்தபோது சேரவேண்டிய திகதி போய்விட்டது. இடத்தை அடுத்த வருடத்துக்கு வைத்திருக்கலாம், புலமைப்பரிசிலை வைத்திருக்க முடியாது என்று பல்கலைக்கழகம் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தது. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அம்மாவிடம் சொன்னேன். அவர் வலையைக் கீழே போட்டார்.

"நான் உரஞ்சச் சொன்னதாலதானே?"

"இல்லை அம்மா. அவங்கட மெஷினாலயும் அவங்கட சட்டத்தாலயும்."

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"நான் ஒருக்காக் கொழும்புக்கு வாறன். பிழை என்ர, பிள்ளையில ஒரு பிழையும் இல்லை எண்டு சொல்லுறன். சொன்னா விடுவினம்தானே?"