பெரிய வெள்ளியன்று இளகிய பிஸ்டன்

பெரிய வெள்ளிக்கிழமை அன்று ரெமிஜியஸ் சுத்தியலைத் தொடமாட்டார். விவேக் நகர் கத்தோலிக்க வீடுகள் எதிலும் அன்று ஆணி அடிக்கும் சத்தம் கேட்காது. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நாள். மெக்கானிக் ஆன நாளிலிருந்து அவருடைய ஷெட்டும் அன்றைக்குச் சாத்தியே கிடக்கும். ஐம்பத்தெட்டாம் வருஷம் மட்டும் அப்படி இல்லை.

ஷெட்டில் ஆங்கிலோ இந்தியரான ஹெர்பர்ட்டின் எம்.ஜி. கார் நின்றது. இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். நாற்பத்தேழில் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கி, இரண்டு வருஷம் ஓட்டிவிட்டுப் படுதா போட்டு மூடியவர், பிறகு அதைத் திறக்கவே இல்லை. இப்போது குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறார். எஞ்சின் ஓடினால் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். ஓடாவிட்டால் சனிக்கிழமை சாயங்காலம் பழைய இரும்புக்காரரின் லாரி வரும்.

"விட்டுடு மேன், ரெமி. செத்த எஞ்சின் அது" என்றார் ஹெர்பர்ட்.

"சாகல தொரை. புடிச்சிக்கினு கீது, அவ்ளோதான்."

ஒரு பிஸ்டன் துருவேறி சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. மேல்மூடியைக் கழற்றி, எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, ஒரு வாரமாக ஊறப்போட்டிருந்தார்.

வெள்ளி மதியம் மனைவி சலேத்தம்மாள் வாசலில் மறித்தாள்.

"மூணு மணிக்குக் கோயிலுக்கு வந்துடுவீங்கல்ல?"

"எண்ணெ எறங்கிச்சான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"பாக்கறது கண்ணாலதான?"

"கண்ணாலதான்."

எண்ணெய் இறங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. பிஸ்டன் மேல் வைப்பது மரத்துண்டு, அடிப்பதும் மரச்சுத்தி, இதில் ஆணி எங்கே, இரும்பு எங்கே என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு அடித்தார். டக். டக். டக்.

அவர் மறந்தது ஒன்று. பெரிய வியாழன் முடிந்தால் உயிர்ப்புத் திருநாள் வரை கோயில் மணி பேசாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டித்தான் தெருவில் ஜனங்களைக் கூப்பிடுவார்கள்.

"கட்டை அடிச்சிட்டாங்க, வாங்கடி, வாங்க" என்று வெளியே ஒரு குரல். கதவிடுக்கில் பார்த்தார். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். சலேத்தம்மாளும் ஓடினாள். எதிர்வீட்டு டோரீன் மூட்டுவலிக்காரி. ஓட முடியாமல் நடுத்தெருவில், கொளுத்தும் வெயிலில், அப்படியே முழந்தாளிட்டுவிட்டாள்.

ரெமிஜியஸின் கை மேலேயே நின்றது. கடைசி அடியில் பிஸ்டன் மயிரிழை அசைந்திருந்தது. இப்போது விட்டாலும் மறுபடி ஒட்டிவிடாது, நாளைக் காலையில் அடித்தால் போதும். அது அவருக்குத் தெரியும். டோரீன் கண்ணை மூடி அடுத்த தட்டலுக்குக் காத்திருந்தாள்.

அடித்தார். பிஸ்டன் சரக்கென்று இறங்கியது. டோரீன் மார்பில் தட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் எல்லாம் பூட்டி, ஹேண்டிலைச் சுற்றியதும் எஞ்சின் இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது. ஹெர்பர்ட் அவரைக் கட்டிக்கொண்டார். சலேத்தம்மாள் மட்டும் கிட்டே வரவில்லை.

"எப்ப எளகிச்சு?"

"நேத்து."

"நேத்து எப்ப?"

அவர் கார்பரேட்டரைத் திருகுவதுபோல் குனிந்துகொண்டார்.

"என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? நேரமே ஆவல, கோயில்ல ஈ காக்கா இல்ல, திரும்பி வந்து டோரீன் ஆன்ட்டிய நாலு பேரா அவங்க வீட்டுக்குத் தூக்கினு போனோம். அவங்ககிட்ட போய் சொல்லுங்க."

போனார். டோரீன் முழங்காலில் துணி சுற்றிப் படுத்திருந்தாள்.

"வா மேன். கார் சவுண்டு கேட்டேன், குட். கோயிலுக்குப் போகலன்னாலும் நேத்து மாதிரி நான் ப்ரே பண்ணதே இல்ல, தெரியுமா? கட்டை சத்தம் அவ்ளோ கிட்ட கேட்டுச்சு."

சொன்னால் அவளுடைய ஜெபம் போய்விடும் என்று நினைத்தார். இதுவும் மரச்சுத்தி நியாயம்தானோ என்றும் நினைத்தார். தெருவில் ஹெர்பர்ட் ஹாரனை அடித்தார்.

"போ மேன், உன்னைத்தான் கூப்பிடறான். ஃபர்ஸ்ட் ரவுண்டு" என்றாள் டோரீன்.

ரெமிஜியஸ் போகவில்லை. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, நேத்து நீங்க கேட்டது கோயில் கட்டை இல்ல" என்றார்.