கடை மூடியும் கூட்டம் அக்காவுக்கே

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அவரைப் புகழ்ந்து எழுதுவார்கள். தங்கையாகிய நான் கொஞ்சம் பொறாமையோடுதான் எழுதுகிறேன். அக்காவுக்கு அது புதிதல்ல.

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறித் துண்டு துண்டாக விற்கப்பட்டதும் ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு வந்து இட்லிக் கடை போட்டார். அத்தான் லாரியிலிருந்து விழுந்து படுத்த பிறகு, மூன்று பிள்ளைகளுக்கும் அந்தக் கடைதான் சோறு போட்டது. பக்கத்திலேயே நான் வடை சுட்டேன். கூட்டமெல்லாம் அவரிடம்தான். அந்தத் தேங்காய்ச் சட்னியை நானும் அரைத்துப் பார்த்தேன். அந்த ருசி வரவில்லை.

எழுபதுகளில் ஒரு வருடம் எங்கள் வட்டாரத்தில் காலரா பரவியது. பச்சையாக எதையும் தின்ன வேண்டாம், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சுகாதார இலாகாக்காரர்கள் சொல்லிப் போனார்கள். கடையை மூடச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. அக்காவே மூடினார்.

"புள்ளைங்களுக்கு என்னக்கா குடுப்ப? சட்னி இல்லாம இட்லிய மட்டும் விக்கலாம்லா," என்றேன்.

"தட்டு கழுவுறதும் அதே கெணத்துத் தண்ணிதானே. அம்புட்டையும் காய்ச்ச வெறகு ஏது? எங்கையால தின்னுட்டு ஒருத்தன் ஆஸ்பத்திரில கெடந்தா, எம்புள்ளைங்களுக்கு அந்தச் சோறு எறங்குமா? ஒன் வடை எண்ணெயில வேகுது, பேப்பர்ல சுத்திக் குடுக்குற. நீ போடு."

மூடிய கடை முன்னால் தினமும் காலையில் நின்று, வந்தவர்களை என்னிடம் அனுப்பினார். "அக்கா சொன்னாங்க," என்றுதான் அவர்கள் வந்தார்கள். என் வடைக்காக ஒருவரும் வரவில்லை.

அவர் பிள்ளைகளுக்கு நான் தூக்குச்சட்டியில் சோறு அனுப்புவேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வீட்டில் ஒன்றுமில்லாத அந்த நாட்களிலும், கொல்லையில் பறித்த ஒரு பிடி கறிவேப்பிலையாவது போட்டு அனுப்புவார். உலை வைத்தவள் நான். என் வீட்டுக்காரரோ, "ஒங்கக்கா குடுத்த கருவேப்பில என்னா வாசம்," என்று மெச்சினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நோய் அடங்கி அக்கா கடை திறந்த காலையில் என் பெஞ்சு காலியானது. "அந்தம்மா கடையில நம்பித் திங்கலாம்," என்று என் காதுபடவே பேசினார்கள். என் வடையைத் தின்றும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. அதை யார் சொன்னார்கள்?

கடைசி மாதங்களில் ஈப்போ மருத்துவமனையில் அவரைப் பார்க்க வந்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. இத்தனை பேர் எனக்கு வர மாட்டீர்கள், தெரியும்.

எனக்கும் ஒரு நாள் மலர் போடுவார்கள். என் குணமெல்லாம் தெரிந்தும் என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதக்கூடியவர் அக்கா ஒருவர்தான். அதற்கும் வழியில்லாமல் முந்திக்கொண்டு போய்விட்டார்.