மெலாஹத் வீட்டு வாடை

மெலாஹத் அக்காவுக்கு மோப்பம் போய்விட்டது என்பது எங்கள் கட்டடத்தில் வெகுநாள் யாருக்கும் தெரியாது. கொரோனா வந்துபோன குளிர்காலத்தில் அவளுக்கும் சுரம் வந்தது. மூன்றே நாளில் இறங்கியும்விட்டது. மூக்கு மட்டும் திரும்பவில்லை. எலுமிச்சை வாசனைத் தண்ணீரான கொலோனைப் புட்டிகளில் அடைக்கும் பட்டறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். ஓய்வுக்குப் பிறகு சமத்யா பேட்டையில் எங்கள் பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் வாடகைக்கு வந்தாள். கூட இரண்டு பூனைகள். துமான், சாம்பல் நிறக் கிழட்டு ஆண். ஃபிந்திக், பழுப்பு நிறப் பெண். வேறு யாரும் இல்லை.

காஸ் மீட்டர் பார்க்க வந்தவன்தான் வீட்டில் வாடை அடிப்பதை அவளுக்கு முதலில் தெரியவைத்தான். வாசல்படி தாண்டியதும் கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"என்ன தம்பி, சளியா?"

"இல்லம்மா... பூனை நெறைய வளக்குறீங்களோ?"

அவன் போனதும் தலையணையை எடுத்து மோந்தாள். விரிப்பை மோந்தாள், சட்டைக் கையை மோந்தாள். கண்ணாடியை மோந்து பார்த்த மாதிரி இருந்தது. ஒன்றுமே இல்லை.

அன்றைக்குப் பிடித்தது பயம். வாடை தன் உடம்பிலும் ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள். பேருந்தில் ஏறுவதை நிறுத்தினாள். சந்தைக்குப் போனால் ஒதுங்கி நின்று, மீன்காரனிடம் தூரத்திலிருந்தே விரலைக் காட்டி வாங்கினாள். வீட்டில் கொலோனை ஊற்று ஊற்றென்று ஊற்றினாள். அது இன்னும் மோசம். எலுமிச்சையும் மூத்திரமும் கலந்து படியேறி வந்தபோது என் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

நான் இரண்டாம் மாடி. வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த வாடை பொய்யில்லை. லோடோஸ் அடிக்கும் நாட்களில், அந்தப் புழுக்கமான தெற்குக் காற்றில், படிக்கட்டில் கண்ணே எரியும். அவள் வீட்டுக்குப் பக்கத்து வீடு ருஷ்தூ அண்ணன். படகுத்துறையில் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்ற முரட்டு ஆள், கட்டட நிர்வாகியும் அவர்தான். அங்காராவில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு வீடு வீடாக வந்தார்.

"போடும்மா நெர்மின், ஒரு கையெழுத்து. என் பொண்டாட்டிக்கு ஆஸ்துமா. இந்தப் பூனைக்காரி அவளக் கொன்னுட்டுத்தான் ஓய்வா."

"நேர்ல ஒரு தடவ சொல்லிப் பாக்கலாமே அண்ணே."

"சொன்னேனே! என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிறா. பதில் இல்ல. வெக்கம் இருக்கிறவ செய்யிற காரியமா அது?"

போட்டேன். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

ஒரு வாரத்தில் சொந்தக்காரர் மெலாஹத் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வருவேன், வாடை இருந்தால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று. பந்தர்மா ஊரிலிருக்கும் அவள் தங்கை, "நீ வா, பூனைங்க வேணாம்" என்று முடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மெலாஹத் அக்கா என் கதவைத் தட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே வரச் சொன்னேன். வரமாட்டேன் என்று இரண்டடி பின்னால் போனாள்.

"நெர்மின், எனக்கு மூக்கு செத்துப்போச்சு. ரெண்டு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லல. நீ கீழ வந்து மோந்து பாத்துச் சொல்லணும். எங்க இருக்குன்னு சொல்லு, நான் தேச்சு எடுத்துர்றேன். பொய் மட்டும் சொல்லாத."

கையெழுத்தைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

இறங்கிப் போனேன். நாய் மாதிரி முட்டிபோட்டு அறை அறையாக மோந்தேன். விரிப்புகளை வெளியேற்றினோம். சோபா உறையைக் கழற்றி இரண்டு தரம் துவைத்தோம். தரையில் வினிகர் கலந்த தண்ணீர், அதன்மேல் சமையல் சோடா, காய்ந்ததும் கூட்டி அள்ளுவது. மெத்தையைச் சுவரோரம் வெயிலில் நிறுத்தினோம். பூனை மணலைக் காலையும் மாலையும் மாற்றினாள். நான் தினமும் காலையில் போய் மோந்துவிட்டு வருவேன். வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் மூக்கு லேசாகச் சுருங்கினாலும் உடனே வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள்.

"கொறஞ்சிருக்கு அக்கா. நெஜமா கொறஞ்சிருக்கு."

"போகல இல்ல?"

"படுக்கையறைல கட்டில் மூலைல கொஞ்சம். பாத்ரூம்லதான் ஜாஸ்தி."

அந்த பாத்ரூம்தான் விளங்கவில்லை. பூனைகள் அங்கே போவதே இல்லை. கதவு எப்போதும் சாத்தியிருக்கும். எத்தனை தேய்த்தாலும் மறுநாள் வாடை அங்கேயே நிற்கும். ராத்திரி தூங்காமல் பூனைகளையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். துமான் எழுந்து நடந்தால் இவளும் பின்னாலேயே போவாளாம். கிழட்டுப் பூனை மிரண்டு அலமாரிமேல் ஏறிக்கொண்டு சாப்பிடக்கூட இறங்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததே லோடோஸோடு. கீழே போனேன். பாத்ரூம் கதவைத் திறந்ததும் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"சொல்லு."

"இருக்கு அக்கா. முன்னவிட..."

அவள் அழவில்லை. "நாளன்னைக்கு வந்துருவாரு" என்று மட்டும் சொல்லி என்னை அனுப்பிவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழும் சங்கிலியும் போடும் சத்தம் கேட்டது. யாரும் திடுமென்று உள்ளே வந்துவிடக்கூடாது என்று அப்போதெல்லாம் சங்கிலியும் போட ஆரம்பித்திருந்தாள்.

முற்பகலில் அடுப்படியில் பயறு கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் அடுப்படி ஜன்னல் கட்டடத்தின் நடுவில் இறங்கும் காற்றுக்குழியைப் பார்த்து இருக்கும். எல்லா மாடி பாத்ரூம்களும் அடுப்படிகளும் அந்தக் குழிக்குள்தான் திறக்கும். திடீரென்று தொண்டையை யாரோ ரம்பத்தால் அறுத்த மாதிரி இருந்தது. இருமல். கண்ணில் தண்ணீர். பிளீச் நெடி, ஆனால் பிளீச் மட்டுமில்லை. குனிந்து கீழே பார்த்தேன். அவள் பாத்ரூமின் குட்டி ஜன்னல் பாதி திறந்திருந்தது.

பிளீச்சும் கழிவறை ஆசிட்டும் சேர்ந்தால் விஷப்புகை கிளம்பும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வருடத்துக்கு ஒரு வீட்டிலாவது நடக்கும். ஆனால் நெடி ஏறியதும் எல்லாரும் எழுந்து ஓடிவிடுவார்கள். அவளுக்கு நெடி தெரியாது, கண் எரிந்தாலும் வெறும் பிளீச் என்று தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கதவை அடித்தேன், பேர் சொல்லிக் கத்தினேன். உள்ளே எங்கேயோ ஃபிந்திக் கத்துவது கேட்டது. குழந்தை அழுவது மாதிரி. மனிதச் சத்தம் இல்லை. ருஷ்தூ அண்ணன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன கூத்து இது? பட்டப்பகல்ல?"

"அண்ணே, பிளீச்லயும் ஆசிட்லயும் கழுவியிருக்கா. அவளுக்கு மூக்கே கெடையாது!"

என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்ததோ இல்லையோ. சமையலறைத் துணியை நனைத்து வாயில் கட்டிக்கொண்டார். தோளால் இடித்தார். முதல் இடியில் தாழ் போனது. இரண்டாவதில் சங்கிலி அறுந்தது. உள்ளே பச்சையும் மஞ்சளுமாக ஒரு மூட்டம். என்னைப் பின்னால் தள்ளிவிட்டு அவர் மட்டும் போனார்.

நான் எண்ணிக்கொண்டு நின்றேன். முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. இரண்டு பேரும் செத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்போது அவர் பின்பக்கமாக நடந்து, அவளை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவள் உதடு நீலமாக இருந்தது. கையில் தேய்க்கிற பிரஷ் இறுக்கிப் பிடித்தபடியே. தெருவில் கிடத்தினோம். மூச்சு விசிலடித்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ருஷ்தூ அண்ணன் வாந்தியெடுத்துவிட்டார். பூனைகள் மூடிய படுக்கையறைக்குள் இருந்ததால் தப்பித்தன.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். இளம் டாக்டர் ஒருத்தி, "அவ்வளவு நெடில எப்படிம்மா நின்னீங்க?" என்று கேட்டாள்.

முகமூடிக்குள்ளிருந்து மெலாஹத் அக்கா சொன்னாள்: "எனக்கு வாசம் எதுவும் தெரியாது டாக்டர். யாராவது சொன்னாத்தான் தெரியும்."

ருஷ்தூ அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். குல்லாயைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். "அப்போ அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்தது..." என்று ஆரம்பித்தார். பிறகு வெளித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நான் தனியாகப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்த மனுவுல என் கையெழுத்தும் இருக்கு" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா?"

"நிர்வாகி அதக் கட்டட வாசல்ல ஒட்டியிருந்தாரே, படிச்சேன். நீ மூணாவது." இருமி முடிக்க நேரமானது. "மத்தவங்களும் போட்டாங்க. ஆனா என்னப் பாக்கும்போது மரியாதையா 'ஒண்ணும் இல்ல மெலாஹத் ஹானிம், வாடையே இல்ல'ன்னு சிரிச்சாங்க. நீ சிரிக்கல, தலையக் குனிஞ்சுக்கிட்ட. இவ பொய் சொல்லமாட்டான்னு நெனச்சேன்."

தண்ணீர் டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

ஆனால் வியாழக்கிழமை சாயங்காலமே ஒரு காரியம் நடந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ருஷ்தூ அண்ணனிடம் கேட்டேன்: "அவ பாத்ரூம்ல ஊத்தினது என் அடுப்படி வரைக்கும் ஏறிச்சே. அப்போ குழிக்கு அடியில எது கெடந்தாலும் அவ பாத்ரூமுக்கும் நம்ம வீட்டுக்கும் வரும்தானே?"

வீடு வந்ததும் அவர் நேராகப் போய் மாடிப்படிக்கு அடியில் காற்றுக்குழிக்குப் போகும் துருப்பிடித்த இரும்புக் கதவைக் கடப்பாரையால் நெம்பினார். பல வருடமாக யாரும் திறக்காத கதவு. உள்ளிருந்து அடித்த வாடையில் இருவரும் பின்னால் சாய்ந்தோம். பின்சந்திலிருந்து நிலக்கரி கொட்டும் பழைய துவாரம் ஒன்று உடைந்து கிடந்தது. அது வழியாகத் தெருவிலுள்ள கடுவன் பூனைகளெல்லாம் உள்ளே வந்து போயிருக்கின்றன. சுவரில் இடுப்புயரத்துக்கு மஞ்சள் படிந்திருந்தது. ஈர அட்டைகள், எலும்புகள், எத்தனையோ வருடக் கழிவு. அதற்கு நேர் மேலே அவள் பாத்ரூம் ஜன்னல்.

"என் மேலதான் மனு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கணும்" என்றார். நிர்வாகி அவர்தானே, அந்தக் கதவைப் பார்க்கவேண்டியவர்.

சனிக்கிழமை சொந்தக்காரர் வந்தபோது மெலாஹத் அக்கா ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். உடைந்த கதவையும், முகத்தில் துணி கட்டிக்கொண்டு குழியில் மண்வெட்டி போட்டுக்கொண்டிருந்த ருஷ்தூ அண்ணனையும் பார்த்தார். அண்ணன் மேலேறி வந்து அவரிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்டது. சொந்தக்காரர் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பினார்.

துவாரத்தைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வாடையில் முக்கால்வாசி அப்படியே போனது. மீதிக் கால்வாசி அவள் பூனைகளுடையதுதான். கட்டில் மூலையில் ஃபிந்திக் பழகிவைத்திருந்த இடம். நான்கு தரைப்பலகை உள்வரை ஊறியிருந்தன. எந்தத் தேய்ப்புக்கும் மசியாது. பெயர்த்துப் போட்டுப் புதுப் பலகை அடித்தோம்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாள். வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். நுரையீரலில் ஒரு கீறல் சத்தம் தங்கிவிட்டது. மாடி ஏற முடியாது. குளிக்கும்போது பாத்ரூம் கதவைச் சாத்தமாட்டாள். அரை வருடத்துக்கு நான் போய் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் வினிகர் தவிர எதுவும் வைப்பதில்லை. அடுப்பு அணைந்திருக்கிறதா என்று கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறாள். பால் கெட்டிருக்கிறதா என்று பூனைக்கு முன்னால் வைத்துக் காத்திருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று வீட்டுக்குள் நின்றுகொண்டிருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்கிற பயம் அவளைவிட்டுப் போகவே இல்லை.

லோடோஸ் அடித்தால் ருஷ்தூ அண்ணன் காலையிலேயே வெளியே வந்து, அவள் ஜன்னலுக்குக் கீழே நின்று, கட்டடமே கேட்கும்படி மூச்சை இழுத்துக் கத்துகிறார்:

"ஒண்ணும் இல்ல மெலாஹத் ஹானிம்! என் வீட்டு வெங்காயம் மட்டுந்தான் நாறுது!"