ஸ்டெல்லாக்கா சொல்லாத சொல்

ஸ்டெல்லாக்கா போய்விட்டார் என்று செய்தி வந்தபோது ஜான்-டலோன் சந்தையில் பூசணிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் திடுக்கிட்டார்கள், நான் இல்லை. மனுசி படியேறும்போது மூச்சு வாங்குகிற விதம் சரியில்லை என்று கோடையிலேயே சொன்னவன் நான். நான் சொன்னால் நடக்கும், சந்தையே சாட்சி.

மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில், வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். மட்டக்களப்புக்காரி. என்னைவிட இளையவர்தான், எல்லாரும் அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவருடைய கார்டெரிக்கு, அதுதான் அந்தக் குழந்தைகள் காப்பகத்துக்கு, மரக்கறி கொடுத்தவன் நான். மேயர் வீட்டுக்குக்கூட அப்படிக் கரட் போயிராது.

ஒருமுறை சந்தையிலேயே திறமான தேன் போத்தல் ஒன்றைக் கொண்டுபோனேன். வாங்கி மேல்தட்டில் வைத்துவிட்டார்.

"பிள்ளையளுக்கு ஒரு வயசு முடியட்டும் அண்ணே. அதுக்கு முதல் தேன் நஞ்சு."

"எனக்குப் பிறந்த அண்டே நாக்கில தேன் தொட்டு வைச்சவை. நான் என்ன செத்தே போனன்?"

"அதுதான் வாய் இன்னமும் மூடல்ல."

இன்னொரு நாள், குழந்தை பாதியில் விட்ட கரட் மசியலை நல்லெண்ணத்தோடு குளிர்பெட்டிக்குள் வைத்தேன். எடுத்துக் குப்பையில் கொட்டினார். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"பிள்ளையின்ர எச்சில் ஒரு எச்சிலே? அமுதமெல்லோ!"

"அமுதமெண்டா நீங்க தின்னுங்க. கரண்டி வாய்க்குள்ள போய் வந்தா மிச்சத்தில கிருமி பெருகும். நாளைக்கு வயித்தால அடிக்கிறது உங்களுக்கில்ல, அந்தப் பிள்ளைக்கு."

அவர் அவித்து மசித்ததும் ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மட்டும் எடுப்பார். மிச்சத்தைக் கரண்டி படுமுன்னே ஆறவைத்து, ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைப்பார். "தொட்டது வேற, தொடாதது வேற" என்பது அவருடைய வேதம்.

இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கு நான் பேசியது நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்து, "அண்ணே, எனக்குப் பிறகு பிள்ளையளுக்கு உங்கட கைச்சாப்பாடுதான்" என்றார் என்று சொன்னேன். அழாத ஆளில்லை. பாதிரியாரும் அழுதார் என்றே நினைக்கிறேன்.

போன கிழமை மேல்வீட்டுச் சுமதி, பல் முளைக்காத மகளோடு வந்தாள்.

"மாமா, ஸ்டெல்லாக்காவே உங்களை நம்பினவ. எனக்கென்ன பயம்? திங்கள் தொடக்கம் வேலைக்குப் போறன். இவளுக்கு நீங்கள்தான் சமைச்சுக் குடுக்கவேணும்."

சொல்லிக்கொண்டே குழந்தையை என் மடியில் வைத்தாள். கறிக்குக் கோழி வெட்டிக்கொண்டிருந்தவன், கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்திருந்தேன். குழந்தை என் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது. பறித்து எடுத்தேன். அது வீரிட்டு அழுதது. சுமதி சிரித்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொன்ன எனக்கு, என் பேச்சு ஒரு குழந்தையை என் மடியில் கொண்டுவந்து வைக்கும் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

சுமதி, உனக்குத்தான் சொல்கிறேன், பிள்ளைக்கு வேறு இடம் பார். கரட் எப்போதும் போல நான் கொண்டுவருவேன். அக்கா அப்படி ஒரு சொல் சொல்லவேயில்லை. அது என் கைச்சரக்கு. என் கையைப் பிடித்தது உண்மை. பிடித்து, முகர்ந்து பார்த்தார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அப்போது அவர் சொன்னது ஒன்றுதான்:

"அண்ணே, முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க."